உப்புக் காற்றும் சதுர அடி ரேட்டும்

மளிகைக் கடையில் வாங்கிய துவரம்பருப்பு வேகவில்லை என்றால், மறுநாள் காலையிலேயே வாடிக்கையாளர் பொட்டலத்தோடு வாசலில் வந்து நிற்பார். அரிசியில் கல் இருந்தால் அன்றிரவே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். எங்கள் சரக்கு அப்படிப்பட்டதல்ல. நாங்கள் கடற்கரையோரத்தில் வீடு கட்டிக் கொடுப்பவர்கள். எங்கள் சரக்கில் குறை இருந்தால் அது வெளியே தெரிய ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் கட்டியவர் கணக்கை முடித்துக்கொண்டு வேறு ஊரில் வேறு வீடு கட்டிக்கொண்டிருப்பார்.

குறை தெரியத் தாமதமாகும் தொழிலில், குறை வைப்பவருக்குத்தான் முதல் லாபம். ரேட்டைக் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடிப்பவரும் அவரே. இப்படிப்பட்ட தொழிலில், ஒரே ஊரில் இருந்துகொண்டு, அண்ணன் தம்பி மூன்று குடும்பங்கள் எப்படிக் காலம் தள்ளுகிறோம் என்பதைச் சங்க இதழுக்கு எழுதும்படி நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். சிறியதாக ஒரு சிமெண்ட், கம்பிக் கடையும் வைத்திருப்பதால் நாங்களும் சங்க உறுப்பினர்கள்தாம். கட்டட வேலைக் கதை கடைக்காரர்களுக்கு எதற்கு என்று முதலில் தயங்கினோம். ஆனால் இதழைப் படிப்பவர்களில் பலர் கடலோர ஊர்களில் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டியிருப்பவர்கள். அல்லது கட்டப் போகிறவர்கள். அவர்களுக்காவது இது உதவும்.

சுண்ணாம்பு போய்க் கம்பி வந்தது

எங்கள் வேலை பெரும்பாலும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையில். சில சமயம் வடக்கே தரங்கம்பாடி வரையிலும், தெற்கே வேதாரண்யம் வரையிலும் போவதுண்டு. தாத்தா சுண்ணாம்பு வேலைக் கொத்தனார். அப்பா காலத்தில் சிமெண்ட் வந்தது. தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620இல் கட்டிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்பதைக் காட்டி, "அந்தக் காலத்து வேலை பாருங்கள், இப்போது ஏன் அப்படி நிற்பதில்லை?" என்று எங்களிடம் கேட்காதவர்கள் குறைவு. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் உப்புக் காற்றில் உதிரும்; உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம். இன்றைய தளம் போல உள்ளே கம்பி கிடையாது. ஆகவே உள்ளிருந்து வெடிப்பதும் கிடையாது. முன்னோர் கெட்டிக்காரர்கள், இப்போதுள்ளவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவது சரியல்ல. வீட்டுக்குள் கம்பி வந்த பிறகு கணக்கே மாறிவிட்டது.

எங்கள் கரையில் அந்த மாற்றம் மிக வேகமாக நடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் சில ஆண்டுகளில் கூரை வீடுகள் போய்க் கான்கிரீட் தளங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எஞ்சியிருந்த ஓட்டு வீடுகளும் தகரக் கூரைகளும் பறந்தன. "கடன் வாங்கியாவது தளம் போட்டுவிட வேண்டும்" என்ற எண்ணம் எல்லார் மனத்திலும் விழுந்தது அப்போதுதான். அது நியாயமான எண்ணமே. ஆனால் தளம் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "சதுர அடி என்ன ரேட்?"

கம்பிக்குக் கீழே ஒரு அங்குலம்

கடற்கரை வீட்டைத் தின்பது எது என்று சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது கிளம்பும் சாரல் காற்றில் கலந்து உள்ளே வருகிறது. சுவரிலும் தளத்திலும் படிகிறது. கான்கிரீட் பார்வைக்குக் கல் போலத் தெரிந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்பில் உள்ள குளோரைடு அந்தத் துளைகளின் வழியே ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. கம்பியைத் தொட்டுவிட்டால் அதன் மேலிருக்கும் காப்புப் படலம் போய்விடும், துரு பிடிக்கும். துரு என்பது இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். இடம் பற்றாமல் அது கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. முதலில் தளத்தில் கம்பி போன போக்கிலேயே மயிரிழை போல ஒரு கீறல். பிறகு பழுப்புக் கறை. பிறகு ஒரு நாள் சன்ஷேடின் அடிப்பகுதி பொத்தென்று விழும்.

ஆகவே கடற்கரை வீட்டின் ஆயுள், கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எவ்வளவு கனத்தில், எவ்வளவு கெட்டியான கான்கிரீட் இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. இதற்கு அரசுத் தரக் குறியீடு இருக்கிறது. ஐ.எஸ். 456 என்று பெயர். 2000ஆம் ஆண்டுப் பதிப்பு. உள்நாட்டில் சாதாரணச் சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் மூடல் போதும் என்கிறது. கடற்கரைக் காற்றுக்கு நேராக நிற்கும் கான்கிரீட்டைக் 'கடுமையான சூழல்' என்று வகைப்படுத்தி 45 மில்லிமீட்டர் கேட்கிறது. கலவையும் எம்-20 போதாது, எம்-30 வேண்டும் என்கிறது. எம்-30 என்பது சட்டியால் அளந்து கொட்டிக் கலக்கும் கலவையல்ல. நம் மணல், நம் ஜல்லி, நம் சிமெண்ட் ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, எடைக் கணக்கு வாங்கி வந்து போட வேண்டியது. ஒருமுறை செலவழித்து அந்தக் கணக்கை வாங்கிவிட்டால், சரக்கு வரும் குவாரி மாறாத வரை அதையே வைத்து ஓட்டலாம்.

20க்கும் 45க்கும் உள்ள வித்தியாசம் 25 மில்லிமீட்டர். அதாவது ஒரு அங்குலம். ஆயிரம் சதுர அடித் தளத்தில் ஒரு அங்குலம் கூட்டினால் 83 கன அடி கான்கிரீட் அதிகம். எங்கள் கலவைக் கணக்கில் சுமார் 19 மூட்டை சிமெண்டும், அதற்கேற்ற மணலும் ஜல்லியும். ஒரு நல்ல தேக்கு வாசற்கதவுக்கு ஆகும் காசுகூட இதற்கு ஆகாது. ஆனால் வாசற்கதவை வருவோர் போவோர் எல்லாரும் பார்ப்பார்கள். இந்த ஒரு அங்குலத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். கவர் பிளாக் வைக்காமல், ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் நெட்டுக்குத்தலாக நிறுத்தி, கான்கிரீட் கொட்டும்போது அது சாய்ந்து கம்பி பலகையிலேயே உட்கார்ந்துவிட்ட தளங்களை நாங்கள் எத்தனையோ உடைத்துப் பார்த்திருக்கிறோம்.

தண்ணீர் அடுத்தது. மனையில் போர் போட்டிருப்பார்கள், தண்ணீர் கரிக்கும். "குடிக்கத்தான் ஆகாது, கலவைக்கு என்ன?" என்பார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் கூடாது என்பது விதி. உப்பு வெளியிலிருந்து வந்து சேரவே பத்தாண்டு பிடிக்கும் என்று ஒருபக்கம் காவல் வைத்துவிட்டு, கலவையிலேயே உப்பைக் கலந்தால் திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான். நாங்கள் டேங்கர் தண்ணீர் வாங்குகிறோம். கலவைக்கு மட்டுமல்ல, தளத்தில் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீருக்கும் அதுவே.

சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை. "சல்பேட் ரெசிஸ்டிங்" என்று ஒரு வகை சிமெண்ட் வருகிறது; கடற்கரைக்கென்றே தயாரித்தது என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வதுண்டு. அது மண்ணில் உள்ள சல்பேட்டுக்கு மருந்து. கம்பியைத் தின்பது குளோரைடு. அதற்கு ஸ்லாக் சிமெண்டோ, சாம்பல் கலந்த பி.பி.சி.யோதான் மேல். ஆனால் இவை மெதுவாக இறுகும். குறைந்தது பத்து நாள் தண்ணீர் கேட்கும். நாங்கள் பதினான்கு நாள் நிறுத்துகிறோம். சென்ட்ரிங் பலகையும் கூடுதல் நாள் நிற்க வேண்டும்; வாடகை ஏறும். மணலில் மட்டும் இப்போது எங்களுக்கு ஒரு நன்மை. ஆற்று மணல் அரிதாகி எம்-சாண்டு வந்துவிட்டது; பாறையை உடைத்துச் செய்வதால் அதில் கடல் உப்பு இல்லை. லோடில் பாதி கிரஷர் தூசியாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

குறைக்கலாம், குறைக்கக் கூடாது

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒருவர் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்கிறார். நாங்கள் 2,500 என்கிறோம். ஆயிரம் சதுர அடியில் மூன்று லட்சம் வித்தியாசம். வெளிநாட்டில் உழைத்து மாதாமாதம் பணம் அனுப்பும் ஒருவருக்கு மூன்று லட்சம் என்பது சிறு தொகையா? "அவர் போடுவதும் அதே கம்பெனி சிமெண்ட், அதே கம்பெனி கம்பிதானே?" என்று கேட்கிறார். கேட்பதில் தவறில்லை. கடைச் சரக்கின் பெயரை அவர் பார்க்கிறார். அது போடப்படும் விதத்தை அவரால் பார்க்க முடியாது.

2019ஆம் ஆண்டு எங்களுக்குச் சோதனையான ஆண்டு. கஜாவுக்குப் பிறகு வேலை நிறைய இருந்தது. வெளியூர்களிலிருந்து ஆட்களும் நிறைய வந்தார்கள். நாங்கள் எஸ்டிமேட் கொடுத்த இடமெல்லாம் ரேட்டில் அடிபட்டோம். ஆண்டு முழுவதற்கும் கிடைத்தது ஒரே வீடு. எங்களில் இளையவர், "நாமும் 2,200க்கு இறங்கிவிடுவோம், எல்லாரும் செய்வதைத்தானே செய்யப் போகிறோம்" என்றார். வீட்டில் இரண்டு நாள் பேச்சு. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா? கடைசியில் அப்பாதான் கேட்டார்: "சன்ஷேடு விழுந்தால் அவன் யாரைத் தேடி வருவான்? வெளியூர்க்காரனையா, ஆறாவது தெருவில் இருக்கும் நம்மையா?"

ரேட்டை இறக்கவில்லை. அதற்கு விலையும் கொடுத்தோம். இளையவர் கத்தாருக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வந்தார். அவர் அனுப்பிய பணத்தில்தான் கடை வாடகை போயிற்று. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தரம் என்பது மேடையில் பேசும்போது இனிக்கும்; கல்லாவில் உட்கார்ந்து பார்க்கும்போது அது சில சமயம் வீட்டில் ஒருவரைக் கடல் கடந்து அனுப்பும்.

ஆனால் அந்த ஆண்டில் எஸ்டிமேட் எழுதும் முறையை மாற்றினோம். அதுவரை "சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே வரியில் கொடுப்போம், எல்லாரும் அப்படித்தான். இப்போது நாலு பக்கத்தில் இனம் இனமாக எழுதிக் கொடுக்கிறோம். எதைக் குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று பக்கத்திலேயே போட்டுவிடுகிறோம். தரைக்கு டைல்ஸ் சாதாரணமாகப் போடலாம். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். மாடிக் கைப்பிடிக்கு எவர்சில்வர் வேண்டாம். உப்புக் காற்றில் மட்டமான எவர்சில்வரும் புள்ளி புள்ளியாகக் கறுக்கும், செங்கல் கட்டி விட்டால் போதும். அலமாரி பிறகு செய்துகொள்ளலாம். இப்படிக் குறைத்தே மூன்று லட்சத்தில் பாதிக்கு மேல் இறக்கிவிடலாம். தண்ணீர், கம்பி மூடல், தளம் நனையும் நாட்கள் ஆகிய மூன்றில் மட்டும் கை வைக்க விட மாட்டோம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். அதைப் படித்துவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. ஆனால் மாமனாரையும் மச்சானையும் அழைத்துக்கொண்டு வந்து, உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டவர்களும் உண்டு.

எழுந்து போனவர்களில் ஒருவர் எட்டு ஆண்டு கழித்து வந்தார். அவர் போனது 2019க்கும் முன்னால். ஒருநாள் இரவு சமையலறைத் தளத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்திருக்கிறது. நல்லவேளை, அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. வந்து பார்த்தோம். கம்பி பாதிக் கனத்துக்கு இளைத்திருந்தது. இத்தகைய வீட்டைச் செப்பனிடுவது புது வேலையைவிடக் கடினம். பெயர்ந்த இடத்தில் மட்டும் சிமெண்டை அப்பிப் பூசிவிட்டால் ஓரிரண்டு ஆண்டில் அதற்குப் பக்கத்திலேயே வெடிக்கும். ஏனென்றால் பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது. புதுப் பூச்சின் ஓரத்தில் துரு இன்னும் வேகமாக வேலை செய்யும். கம்பியின் பின்பக்கம் வரை செதுக்கி, துருவைத் தேய்த்து, இளைத்த கம்பிக்குத் துணைக் கம்பி கட்டி, பிறகுதான் பூச வேண்டும். அவர் மிச்சம் பிடித்த தொகைக்கு மேலேயே செலவாயிற்று. "அன்றைக்கே உங்களிடம் கொடுத்திருக்கலாம்" என்று அவர் சொன்னதைக் கேட்டு எங்களுக்குச் சந்தோஷமாக இல்லை. அவர் வீட்டில் வயதுக்கு வந்த இரண்டு பெண்கள்.

சனிக்கிழமைக் கூலி

இத்தொழிலில் நொடித்தவர்களைப் பார்த்தால், வேலை தெரியாமல் நொடித்தவர்கள் குறைவு. பணத்தை மாற்றிப் போட்டு நொடித்தவர்களே அதிகம். முதல் வீட்டுக்காரர் கொடுத்த அட்வான்சில் இரண்டாவது வீட்டுக்குக் கம்பி வாங்குவது, இரண்டாவது வீட்டுப் பணத்தில் முதல் வீட்டுக்கு டைல்ஸ் போடுவது, மூன்றாவது அட்வான்ஸ் வரும் வரை இரண்டு வீடும் நிற்பது. சீட்டு நடத்திக் கவிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கும் வணிகர்களுக்கு இது புதிதாக இராது.

எங்களிடம் வீட்டுக்கு ஒரு பேரேடு. அண்ணி எழுதுகிறார். ஒரு வீட்டுக் கணக்கிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்ட் போனாலும் கடை பில்லாகப் போட்டுத்தான் போகும். பணம் ஆறு தவணை: அட்வான்ஸ், பேஸ்மெண்ட், லிண்டல், தளம், பூச்சு, சாவி. ஒவ்வொரு தவணையும் அந்தக் கட்டம் தொடங்கும் முன் வந்துவிட வேண்டும். சாவித் தவணையை நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. காரணம் அனுபவஸ்தர்களுக்குத் தெரியும்: குடியேறிய பிறகு கடைசித் தவணை வசூலாவது, ஊரை விட்டுப் போனவரிடம் பழைய கடன் பாக்கி கேட்பது போலத்தான். சாவி கொடுக்கும் வரை "அண்ணே, அண்ணே" என்றவர், அதன் பிறகு கதவு கொஞ்சம் இழுக்கிறது என்பார்.

பாதியில் கேட்கும் அதிகப்படி வேலைதான் உறவைக் கெடுப்பது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருப்பார். அவருடைய அப்பா, "இங்கே ஒரு அலமாரி வைத்துவிடுங்கள் தம்பி" என்பார். வைத்துவிடுவோம். கணக்கு வரும்போது மகன், "யார் சொன்னது?" என்பார். பெரியவருக்கும் மகனுக்கும் நடுவில் நாம் சிக்கிக்கொள்ள வேண்டும். இப்போது சிறிய நோட்டு ஒன்று. என்ன வேலை, என்ன தொகை, யார் கையெழுத்து. பெரியவர்களிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2021-22இல் கம்பி விலை ஏறிய ஏற்றத்தை மறக்க முடியாது. பேசிய ரேட்டில் முடித்துக் கொடுத்தவர்கள் பலர் கைப்பணத்தை இழந்தார்கள். அதன்பின் ஒப்பந்தத்தில் அன்றைய சிமெண்ட் விலையையும் கம்பி விலையையும் எழுதிவிடுகிறோம். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஏறினால் வீட்டுக்காரரும் நாங்களும் பாதிப் பாதி, இறங்கினாலும் அப்படியே. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு அவர் கேட்காமலே கழித்துக் கொடுத்தோம். எழுதியதை எழுதியபடி செய்ததுதான். ஆனால் அதன் பேரில் அவருடைய சித்தப்பா எங்களைத் தேடி வந்தார்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் சிறு தொழில்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருள் வீட்டுக்காரருடையது, கூலி மட்டும் நம்முடையது என்று தனி வீடு ஒன்றைக் கட்டிக் கொடுத்தால் அந்தக் கூலி ஒப்பந்தத்துக்கு வரி விலக்கு உண்டு. பொருளும் சேர்த்து எடுத்தால் அது வேறு கணக்கு. எழுதும்போதே எது என்று தெளிவாக எழுத வேண்டும். மற்றதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்றையும் மளிகைக் கடைக்காரர்களிடம் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் சனிக்கிழமைக் கூலி ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் கல்லாவில்தான் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்களுக்கு வேலை இல்லை. கொத்தனாரும் சித்தாளும் உங்கள் கடைப் பற்று நோட்டில்தான் இரண்டு மாதம் சாப்பிடுகிறார்கள். ஆகவே மழைக்கு முன் ஒரு தளமாவது போட்டு முடித்து, மழை நாட்களில் உள்பூச்சும் எலெக்ட்ரிக் வேலையும் ஓடும்படி பார்க்கிறோம். அப்படி நடக்கும் ஆண்டில் கடைத்தெருவில் பாக்கி குறைவதாக எங்கள் தெருக்கோடி மளிகைக்காரரே சொன்னார். ஆட்கள் எல்லாரையும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வைத்திருக்கிறோம். பதிவைப் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள், அண்ணிதான் நினைவூட்டுகிறார்.

பங்கு பிரிக்கும் நாள்

கூட்டுக் குடும்பத் தொழில் உடைவது பெரும்பாலும் நஷ்டத்தில் அல்ல, லாபத்தில். எங்களில் மூவரும் வாரக் கூலி எடுக்கிறோம். மேஸ்திரிக்கு என்ன கூலியோ அதே. கணக்கு எழுதும் அண்ணிக்கும் கூலி உண்டு. வீடு முடிந்த உடனே லாபத்தைப் பிரிப்பதில்லை. சாவி கொடுத்த பிறகு ஒரு அடைமழைக் காலம் கழிய வேண்டும். எங்கும் ஒழுகவில்லை, ஓதம் ஏறவில்லை என்று மூவரும் போய்ப் பார்த்து வந்த பிறகு தை மாதத்தில்தான் பங்கு. ஒழுகினால் அதைச் சரிசெய்யும் செலவு அந்தப் பணத்திலிருந்தே போகும். இதனால் தளம் போடும் நாளில் யாரும் அசட்டையாக இருப்பதில்லை. பெரியவருடைய மகன் சிவில் எஞ்சினியரிங் படித்துவிட்டு வந்திருக்கிறார். கலவைக் கணக்கு, வரைபடம் எல்லாம் இப்போது அவர் பொறுப்பு. அவருக்கும் அதே வாரக் கூலிதான். இது எத்தனை நாள் ஓடும் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கட்டக் கூடாத இடம்

வேலையைவிட முக்கியம் மனை. 1991 பிப்ரவரி முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி நாட்டில் இருக்கிறது. ஓதம் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கட்டுப்பாடு. கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புது வீடு கூடாது என்பது பொது நிலை. பாரம்பரியமாகக் கரையில் வாழும் மீனவ மக்களுக்குச் சில சலுகைகள் உண்டு. 2019 ஜனவரி அறிவிப்பு, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப் பகுதிகளில் அந்த 200ஐ 50 மீட்டராகக் குறைத்திருக்கிறது. ஆனால் மாநிலத்தின் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் அதன்படி ஒப்புதல் பெற்ற பிறகே அது செல்லும். ஆகவே மனைத் தரகர் சொல்லும் 50 மீட்டரை நம்பி அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது, நம் சர்வே எண் அதில் எங்கே விழுகிறது என்று மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதே வழி.

இதில் விளையாடினால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சிக்கு அருகே உள்ள மரடு சாட்சி. விதியை மீறிக் காயலோரம் எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுதிகளை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வெடி வைத்துத் தகர்த்தார்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கியவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். எங்களிடம் கடல் தெரியும் மனையோடு வருபவர்கள் ஆண்டுக்கு ஒருவராவது உண்டு. எழுத்து மூலம் பதில் வராமல் நாங்கள் கடைக்கால் வெட்டுவதில்லை. "பக்கத்து மனையில் கட்டியிருக்கிறார்களே" என்பது அங்கே பதில் ஆகாது.

கடையும் கிடங்கும்

கடலோர ஊர்களில் கடை கட்டுபவர்களுக்குச் சில விஷயங்கள். கிடங்குத் தரையின் அடியில் கடல் மணலைக் கொட்டி நிரப்பாதீர்கள். லோடு சும்மா கிடைத்தாலும் வேண்டாம். உப்பு மணல் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சர்க்கரை மூட்டையும் வெல்லமும் கீழிருந்தே கசியும். பேஸ்மெண்ட் மட்டத்தில் ஓதம் தடுக்கும் படுகையை விட்டுவிடாதீர்கள். எப்படிக் கட்டினாலும் மூட்டைகளைத் தரையிலிருந்து பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குவது நல்லது. ஷட்டரைக் கிழக்குப் பார்த்து வைக்க நேர்ந்தால் முன்னால் ஆழமான தாழ்வாரம் விடுங்கள். ஷட்டரின் சுருள்வில் உள்ளேயிருந்து துருப்பிடித்து ஒருநாள் பட்டென்று போகும். அன்றைக்குப் பண்டிகை வியாபாரமாக இருக்கும். தகரக் கொட்டகை போட்டால் ஆணிக்குப் பதில் கொக்கி போல்ட் போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். கஜாவில் பறந்த தகரங்களில் நாங்கள் பார்த்தவரை தகரம் நன்றாகத்தான் இருந்தது. பிடித்துக்கொண்டிருந்த ஆணிதான் துருவேறிப் போயிருந்தது. உங்கள் கடைத் தளத்தில் கம்பி போன போக்கில் கீறல் தெரிந்தால் பெயிண்ட் அடித்து மறைக்காமல் அந்த மாதமே ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கீறலாக இருக்கும்போது ஆகும் செலவும் பெயர்ந்த பிறகு ஆகும் செலவும் ஒன்றல்ல.

மார்கழி கழியட்டும் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். தை பிறந்ததும் ஒன்று நாகூரில், ஒன்று வேளாங்கண்ணிப் பக்கம். மூன்றாவதாக ஒருவர் முழு அட்வான்சையும் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரே நேரத்தில் இரண்டு தளத்துக்குமேல் எங்களில் ஒருவர் நேரில் நின்று பார்க்க முடியாது. சித்திரைக்கு வரும்படி சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினோம்.